கோணிமணியின் பின்னங்கால்கள்

எங்க சர்க்கரை ஆலைக் குடியிருப்புல, வேலியோரம் இருக்கற பதினாலாம் நம்பர் வீட்டுல ஒரு யானை இருந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் அது யானை, மத்த நாளெல்லாம் மடிச்சுப் பரண்ல வெச்சிருப்பாங்க. இதைச் சொன்னா வெளியூர்க்காரங்க சிரிக்கறாங்க. சிரிங்க, எனக்கென்ன வந்துச்சு? பதினஞ்சாம் நம்பர் வீட்டுக்காரி நான். ஒன்பது வருஷமா அதோட தும்பிக்கை என் வீட்டு ஜன்னல் வழியா உள்ள வந்து, முறத்துல காயவெச்ச உளுந்தைத் துழாவிட்டுப் போயிருக்கு. நான் சொல்லாம வேற யாரு சொல்றது?

அந்த வீட்டுல மூணே பேர். குலோத்துங்கன், ஆலையில எடைமேடைக்காரர், டிராக்டர் கரும்போட ஏறும்போது ஒரு எடை, இறக்கிட்டு வரும்போது ஒரு எடை பார்த்துச் சீட்டு கிழிச்சுக் கொடுக்கறவர். அவர் பொண்டாட்டி கோகிலா, காலனிக்கே ரவிக்கை தைக்கறவ. ஒரே பொண்ணு எழிலரசி. மூணு பேருக்கும் சேர்த்து ஒரே பைத்தியம், வேஷம் கட்டறது. அதுவும் கடையில வாங்கின வேஷமில்ல, எல்லாம் வீட்டுல செஞ்சது, அட்டைப்பெட்டியும் பழைய புடவையும் பசையும். நாலு வயசுல எழிலு வெண்டைக்காயா பள்ளிக்கூடம் போனா, காம்பு மட்டும் ஒரு முழம். கேஸ் சிலிண்டர் வர ஒரு மாசம் தாமதமானப்போ குலோத்துங்கனே செவப்பு அட்டையைச் சுத்திக்கிட்டு சிலிண்டரா வந்து, கோகிலா அடுப்பு பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தாரு. கரண்ட் போன ஒரு சாயங்காலம் கோகிலா மூணு அட்டை இறக்கையைத் தலையில கட்டி மின்விசிறியாச் சுத்தினா, தெருவே அவ கிட்ட காத்து வாங்க வந்து உக்காந்துச்சு.

எனக்கு ஆரம்பத்துல பத்திக்கிட்டு வரும். எங்க வீட்டுக்காரர் வைத்தியலிங்கம் ரோட்டு விபத்துல ஒரு காலைக் கொடுத்துட்டு வந்து உக்காந்த வருஷம் அது, வாசப்படி தாண்டமாட்டேன்னுட்டாரு, பேச்சும் கொறஞ்சு போச்சு. சுவத்துக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு அமைதி, அந்தப் பக்கம் மூணு பேரும் ஒரே நேரத்துல சிரிக்கற சத்தம். அதைக் கேட்டுக்கிட்டே சோறு வடிக்கறது லேசுப்பட்ட காரியமில்ல. "இதுங்களுக்கு வேற வேலையே இல்லையா"ன்னு கரண்டியைச் சுவத்துல தட்டுவேன்.

எழிலு எட்டாவது படிக்கறப்போ, ஆலை ஆண்டு விழா மாறுவேடப் போட்டிக்கு யானை செய்யறதுன்னு முடிவு பண்ணினாங்க. ஒரு மாசம் அந்த வீடு வீடாவே இல்ல. சர்க்கரை மூட்டைச் சாக்கெல்லாம் பிரிச்சுத் தொவைச்சு, அடுப்புக்கரியில சாயம் போட்டு உடம்பு தைச்சாங்க. காதுக்கு ரெண்டு முறம், தந்தத்துக்குக் குழாயை நெருப்புல காட்டி வளைச்சது, தும்பிக்கைக்குத் துணி தொவைக்கற மிஷினோட பழைய ஓஸ், வாலுக்குத் தென்னந்துடைப்பம். முன்னங்காலு அப்பா, பின்னங்காலு மக, காக்கிச் சட்டை போட்டு, வீடு தொடைக்கற கம்பை அங்குசமா வெச்சுக்கிட்டு அம்மாதான் பாகன். எல்லாம் சரி. மேடைக்குப் பின்னாடி உள்ள நுழைஞ்சதும், வயித்துல வெச்சிருந்த ஜிப்பு பட்டுனு தெறிச்சுப் போச்சு, அங்க ஒலிபெருக்கியில பேரு கூப்பிட்டாச்சு.

கோகிலா இடுப்புல இருந்து கோணி ஊசியை எடுத்தா. உடம்புல போட்டபடியே துணியைத் தைக்கக் கூடாது, கழட்டிட்டுத்தான் தைக்கணும், இது பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். "அடியே கோகிலா, ஆகாதுடி, கழட்டச் சொல்லு!"ன்னு கத்தினேன். "நேரமில்லக்கா"ன்னுட்டு ரெண்டு பேரையும் உள்ள வெச்சே சரசரன்னு தைச்சு, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால கடிச்சா.

கடிச்ச உடனே ஒரு காது ஆடுச்சு. அப்புறம் இன்னொரு காது. அப்புறம் யானை.

அது மேடைக்கு நடந்து போச்சு, மேடை கிறீச்சுன்னுச்சு, வாசல்ல கட்டியிருந்த வாழைமரம் ரெண்டையும் தின்னுச்சு, தலைமை விருந்தாளிக்குப் போட இருந்த மாலையையும் தின்னுச்சு. நடுவரா வந்த தலைமையாசிரியர் கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுப் பார்த்துட்டு, ரெண்டாம் பரிசுதான் கொடுத்தாரு. முதல் பரிசு பால் பாக்கெட் வேஷம் போட்ட பொடியனுக்கு. கேட்டதுக்கு, "நெசமாவே யானையா இருக்கறது மாறுவேடத்துல சேராதும்மா"ன்னாரு. கோகிலாவுக்கு அந்தக் கோபம் இன்னிக்கும் ஆறல. வீட்டுக்கு வந்து வயித்துத் தையலைப் பிரிச்சா, அப்பாவும் மகளும் வேர்க்க விறுவிறுக்க வெளிய வந்தாங்க, சாக்கு தொப்புனு தரையில விழுந்துச்சு.

பழகிப்போறதுக்கு எத்தனை நாளாச்சுங்கறீங்க? ரெண்டே வாரம். விழா நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை, அதுல இருந்து வாராவாரம் அதே சாயங்காலம் ரெண்டு பேரையும் உள்ள வெச்சுத் தைச்சு விட ஆரம்பிச்சா கோகிலா. மொத வெள்ளிக்கிழமை எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டோம், ரெண்டாவது வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து வெச்சு வாழைத்தாரோட நின்னோம். கோணி ஊசியால உயிர் வந்ததால கோணிமணின்னு பேரு வெச்சோம். ஆணா பொண்ணான்னு ஒரு பஞ்சாயத்து நடந்து, முன்னாடி ஆம்பள, பின்னாடி பொம்பளன்னு முடிவாச்சு. எடைமேடையில ஏத்திப் பார்த்தாங்க, ரெண்டே முக்கால் டன். வனத்துறை அதிகாரி ஒருத்தர் செவ்வாக்கிழமை விசாரிக்க வந்து, பரண்ல இருந்த சாக்கு மடிப்பைப் பார்த்துட்டு, 'யானை இல்லை'ன்னு எழுதிட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமை மறுபடி வந்தவரு, 'யானை இருக்கிறது'ன்னு எழுதிட்டு, அப்புறம் ரெண்டு காகிதத்தையும் மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போயிட்டாரு. ராத்திரியில அலறிப் பயப்படற பிள்ளைங்களை யானை வயித்துக்கு அடியில மூணு தரம் நுழைய விட்டா பயம் தெளியும்னு சொல்லுவாங்க இல்லையா, சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் தூக்கிக்கிட்டு வருவாங்க. நுழைஞ்சு வந்த பிள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்லும், "யானை வயித்துக்குள்ள யாரோ பாடம் படிக்கறாங்க"ன்னு. நெசம்தான், அப்பா கேள்வி கேப்பாரு, மக பதில் சொல்லுவா. ஒன்பது வருஷம், கணக்கு, பௌதிகம், எலும்போட பேரு, நரம்போட பேரு எல்லாம் அந்த இருட்டுலதான் அவ மனப்பாடம் பண்ணினா. பின்னங்காலா இருக்கறவளுக்கு எதிர்ல என்ன வருதுன்னு தெரியாது, அதனால ஒரு காலு எப்படி எடுத்து வெக்குது, எப்படிக் கனம் மாறுதுன்னு அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி ஊர்ல யாருக்கும் தெரியாது.

எங்க வீட்டு விஷயத்தைச் சொல்லணும். ஒரு வெள்ளிக்கிழமை கோணிமணி என் ஜன்னல்ல தும்பிக்கையை விட்டு, உளுந்தைத் தொடாம, எங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. "விடுடா குலோத்துங்கா, நீதான்னு தெரியும்"னு திட்டினாரு. விடல. அடுத்த வாரமும் வந்துச்சு. ஆறாவது வாரம் கட்டையை ஊனிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து, "என்னதான்டா வேணும் உனக்கு?"ன்னாரு. அதுக்கு ஒண்ணும் வேணாம், முன்னாடி நடந்துச்சு. இவரு பின்னாடியே தண்ணித்தொட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பினாரு. மூணு வருஷத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் எங்க வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான் சுவத்துல கரண்டி தட்டல.

எழிலு காலேஜ் முடிச்சா. அவளுக்கு ஃபின்லாந்துல படிக்க இடம் கிடைச்சுச்சு, செலவெல்லாம் அவங்களே பாத்துக்கறாங்களாம். காலு போனவங்களுக்கு நடக்கற காலு செய்யற படிப்பு. வீட்டுல ஒரே கொண்டாட்டம், குலோத்துங்கன் பஞ்சை ஒட்டிக்கிட்டுப் பனிக்கரடி வேஷத்துல எடைமேடைக்கே போயிட்டாரு. கோகிலா மட்டும்தான் அன்னிக்குச் சாயங்காலமே கேட்டா: "அப்ப பின்னங்காலுக்கு?"

அங்கதான் ஆரம்பிச்சுச்சு வினை. பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியாரை உள்ள வெச்சுத் தைச்சுப் பார்த்தாங்க, ஆலை வாசல் காவலாளியைத் தைச்சுப் பார்த்தாங்க, ரெண்டு பேர் சாக்குக்குள்ள நின்னு வேர்த்ததுதான் மிச்சம். நானும் ஒரு வாரம் போனேன். இருட்டு, வெல்ல வாசனை, மூச்சு முட்டுது. முன்னாடி இருந்து குலோத்துங்கன் மரியாதையா, "சவுகரியமா இருக்கீங்களாக்கா? இப்ப ஒரு மேடு வருது, பார்த்து"ன்னு சொல்லிக்கிட்டே வராரு. "எங்கப்பா போறோம்?"னு கேட்டேன். "எழிலு ஒருநாளும் எங்க போறோம்னு கேட்டதில்லக்கா, அடுத்து என்ன இருக்குன்னுதான் கேப்பா"ன்னாரு. சாக்கு சாக்காவே இருந்துச்சு.

அப்பதான் நாங்க எல்லாரும் சேர்ந்து ஒரு அசிங்கமான காரியம் பண்ணினோம். பதினாலாம் நம்பருக்குப் படையெடுத்துப் போனோம். பயந்த பிள்ளைங்களுக்கு என்ன வழி, ஊரு பேரே யானையாலதானே வந்துச்சு, இங்கயே படிச்சா படிப்பாகாதான்னு ஆளாளுக்குப் பேசினாங்க. கடைசியா நான் பேசினேன், அதுதான் அவளுக்குத் தைச்சிருக்கும். "எழிலு, உன் பெரியப்பா மறுபடி வீட்டுக்குள்ள முடங்கிட்டா நான் யாருகிட்டம்மா போவேன்?"ன்னேன். அவ என் மூஞ்சியைப் பார்த்தா. "நான் போகல பெரியம்மா"ன்னா. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, வெட்கங்கெட்டுச் சொல்றேன், அன்னிக்கு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரெண்டு பேரையும் தைச்சு விட்டதும் கோணிமணி எழுந்துச்சு, தெருவுக்கு வந்துச்சு, நின்னுடுச்சு. முன்னங்காலு பஸ் ஸ்டாப் பக்கம் இழுக்குது, பின்னங்காலு மண்ணைத் தோண்டி ஊனிக்கிட்டு அசையமாட்டேங்குது. நாலு மணிக்கு நின்னது ஆறு மணியாச்சு, பள்ளிக்கூட பஸ்ஸும் தண்ணி லாரியும் பின்னாடி வரிசையா நிக்குது, ஒருத்தரும் ஹாரன் அடிக்கல. ஏன்னா வயித்துக்குள்ள பேசறது எல்லாருக்கும் கேக்குது.

"நான் போகலப்பா."

"போகணும் பாப்பா."

"நான் போயிட்டா நீங்க வெறும் சாக்குப்பா!"

"நான் எடைமேடைக்காரன். யாரு எம்புட்டுக் கனம் தாங்குவாங்கன்னு எனக்குத் தெரியும். நட."

"மாட்டேன்."

யானை நடுவுல நீளுது, சாக்குத் தையல் படபடங்குது, கண்ணுல தண்ணி கொட்டுது. எங்க வீட்டுக்காரர் கட்டையைத் தரையில ஓங்கி ஊனி, "இந்தக் காலனியில நொண்டி நான் ஒருத்தன் போதும், அந்தப் புள்ளையையும் முடமாக்காதீங்கடா!"ன்னு கத்தினாரு. அத்தனை பேர் முன்னால என் தலை குனிஞ்சுச்சு. கோகிலா அங்குசக் கம்பைக் கீழ போட்டா. உள்ள போனா. ரவிக்கைத் துணி வெட்டற பெரிய கத்திரியோட வந்தா. வழக்கமா வயித்துத் தையலைத்தான் பிரிப்பா, அன்னிக்கு அங்க கை வெக்கல. முதுகுல ஆரம்பிச்சு, நட்ட நடுவுல, சுத்தி ஒரே வெட்டு.

நான் கண்ணை மூடிக்கிட்டேன். ரத்தம் எதுவும் வரல, வெல்ல வாசனைதான் தெருவெல்லாம் அடிச்சுச்சு. முன் பாதிக்குள்ள அப்பா, பின் பாதிக்குள்ள மக, நடுவுல கத்திரியோட அம்மா. "ரெண்டு பேரும் ஒரே பக்கம் நடந்தாத்தான் யானைன்னு எவன்டி சொன்னான்?"ன்னு கேட்டா. அன்னிக்கே தன் கல்யாணப் புடவையோட செவப்புக் கரையைக் கிழிச்சு, ரெண்டு பாதிக்கும் ஓரம் அடிச்சா, நூல் பிரியாம.

ஆவணியில எழிலு கிளம்பினா. ஊறுகாய் பாட்டிலையும் பருப்புப்பொடியையும் வெளிய எடுத்து வெச்சுட்டு, யானையோட பின்பாதியை மடிச்சுப் பெட்டியில அடைச்சாங்க. விமான நிலையத்துல பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, "இது என்னம்மா?"ன்னாரு. "யானையோட பின்பக்கம் சார்." "வால் மடங்காம வையிங்க"ன்னுட்டு மூடினாராம். கோகிலா அங்க அழல, மகளோட உள்ளங்கையில ஒரு கோணி ஊசியை வெக்கப் போனா, அதை மட்டும் பிடுங்கிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமைங்கதான் கொடுமை. குலோத்துங்கன் முன்பாதியைப் போட்டுக்கிட்டு நிப்பாரு, கோகிலா தைப்பா, கடிப்பா, ஒரு காதும் ஆடாது. எழிலு அங்க தனியா. தன் உடம்புல இருக்கற துணியைத் தானே தைச்சுக்க முடியாதே, உள்ள இருந்துக்கிட்டு வெளிய கை எட்டாதே, இன்னொருத்தர் தைக்கணும், பல்லால நூலைக் கடிக்கற அளவுக்குக் கிட்ட வரணும். போன் பண்றப்பல்லாம் கோகிலா சாப்பிட்டியான்னு கேக்கமாட்டா, குளிருதான்னு கேக்கமாட்டா, ஒண்ணுதான் கேப்பா: "தைச்சு விட ஆளு கிடைச்சாங்களா?"

"இல்லம்மா. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா இதை எப்படிம்மா போய்ச் சொல்றது?"

புரட்டாசியில இல்ல. ஐப்பசியில இல்ல. கார்த்திகையில அங்க பகல்லயே இருட்டிடுதாம், அப்பவும் இல்ல. போனை வெச்சதும் கோகிலா மிஷின்ல உக்காந்து, துணியே இல்லாம மிதிச்சுக்கிட்டு இருப்பா, எனக்குச் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும். ஊரு பயந்ததெல்லாம் அப்படியே நடந்துச்சு, யானை வரல. ஒண்ணு மட்டும் நடக்கல. எங்க வீட்டுக்காரர் முடங்கல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சரியா அஞ்சு மணிக்கு, வராத யானைக்குப் பின்னாடி தண்ணித்தொட்டி வரைக்கும் நடந்துட்டு வந்தாரு. அதைப் பார்க்கறப்பல்லாம் அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசின பேச்சுதான் எனக்கு ஞாபகம் வரும்.

மாசி மாசம், ரெண்டாவது வெள்ளிக்கிழமை. இங்க வெயிலு மண்டையைப் பொளக்குது, ஆலை அரைவையில இருக்கு, தெருவெல்லாம் கரும்புத் தோகை. சுவத்துக்கு அந்தப் பக்கம் போன் அடிச்சுச்சு, அப்புறம் கோகிலா ஒரு சத்தம் போட்டா பாருங்க, நான் கரண்டியோட ஓடினேன். போன்ல எழிலு இடுப்பு வரைக்கும் சாக்குக்குள்ள நிக்கறா, பக்கத்துல சுருட்டை முடியா ஒரு பொண்ணு, எத்தியோப்பியாக்காரியாம், பேரு மெரோன், ஒரே அறையில ஆறு மாசமா இருக்காங்க. "அம்மா, ஆளு கிடைச்சுட்டாங்கம்மா!"ங்கறா எழிலு. விமான நிலையத்துல அழாதவ, கல்யாணப் புடவையைக் கிழிச்சப்ப அழாதவ, போனைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டுக் கோகிலா ஓன்னு அழுதா.

முன்பாதிக்குள்ள நின்ன குலோத்துங்கனை இங்க தைச்சுக்கிட்டே, அழுதுக்கிட்டேதான் சொல்லிக் கொடுத்தா. "இறுக்கி இழும்மா. அப்படித்தான். இன்னும் ஒண்ணு. முடிச்சு." இவ தமிழ்ல சொல்றா, அந்தப் பொண்ணு அவ பாஷையில ஏதோ சொல்லித் தலையாட்டுது, ஊசி மட்டும் சரியாப் போகுது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, கடி!" இங்க இவ கடிச்சா, அங்க அது கடிச்சுச்சு.

காது ஆடுச்சு.

பாதி யானைதான். செவப்புக் கரையோட முடிஞ்சுபோகுது, அதுக்குப் பின்னாடி ஒண்ணுமில்ல, ரெண்டு காலுல நடக்குது, சாயல. தெரு ஜனங்க வாசல்ல வந்து நின்னு, "வந்துருச்சா? ஏன் இவ்ளோ லேட்டு?"ன்னு கேட்டுட்டு, வழக்கம்போலக் கரும்பை நீட்டினாங்க. பாதிதானே, பாதிக் கரும்பு போதும்னு நினைச்சோம், அதான் இல்ல, கட்டு கட்டாத் தின்னுச்சு. கொஞ்ச நேரத்துல போன்ல மெரோன் விழுந்து விழுந்து சிரிக்கறா. வெள்ளை வெளேர்னு பனி, அதுல யானையோட பின்பக்கம், துடைப்ப வாலு, கீழ ஆவி பறக்க ஒரு குவியல். இங்க தின்ன கரும்பெல்லாம் அங்க சாணமா விழுந்துருக்கு. அந்த ஊரு ஆளு ஒருத்தர் மண்வெட்டியோட வந்து, ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, பனியை வார்ற மாதிரி அதையும் வாரி ஓரமாப் போட்டுட்டுப் போனாரு. எல்லா ஊர்லயும் மனுசன் மனுசன்தான்.

கோணிமணி என் ஜன்னலுக்கு வந்துச்சு. தும்பிக்கையை உள்ள விட்டுச்சு. தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்கு, அந்த வேகாத வெயில்ல மூஞ்சி தாடையெல்லாம் கிடுகிடுன்னு நடுங்குது. "அடிப்பாவி, உனக்கா குளிருது?"ன்னேன். எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில போத்தின கம்பளி ஒண்ணு பெட்டி அடியில இருந்துச்சு, அதை எடுத்துக்கிட்டு ஓடி, நாற்காலி போட்டு ஏறி, முதுகுல விரிச்சு, செவப்புக் கரை முடியற இடம் வரைக்கும் இழுத்து இழுத்து மூடினேன்.

கோகிலா கையில இருந்த போன்ல, எங்கயோ யானைக்குள்ள இருந்து எழிலு குரல் கேட்டுச்சு. "அப்பா, இப்ப சூடா இருக்கு. அடுத்து என்ன இருக்குப்பா?"

"மேடு, பாப்பா"ன்னாரு குலோத்துங்கன். "பார்த்து எடுத்து வை."

யானை நடந்துச்சு. எங்க வீட்டுக்காரர் கட்டையை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே கிளம்பினாரு. நானும் நாற்காலியில இருந்து இறங்கி, கம்பளி நழுவாம ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணித்தொட்டி வரைக்கும் கூடவே நடந்தேன்.